நூற்றைம்பதுக்குப் பிறகு

நான் கோபிப் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது செம்புப் படிவின் கண்டுபிடிப்பு முடிந்திருந்தது. 2003ஆம் ஆண்டு. பெயர் பெற்ற 150ஆம் எண் துளை போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்தத் துளையில் எடுத்த கல்லைத்தான் முதலில் காட்டுவார்கள். நாங்கள் பார்க்க வேண்டிய பெட்டிகள் கொட்டகையின் இன்னொரு பக்கம் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அவற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் வேலையின் சுவாரசியமே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

இடத்தின் பெயர் ஓயு தோல்கோய். மங்கோலியாவின் தென்கோடியில், உம்னகோவி மாகாணத்தின் கான்போக்த் வட்டாரம். தலைநகர் உலான்பாத்தரிலிருந்து தெற்கே சுமார் 550 கிலோமீட்டர். சீன எல்லை அங்கிருந்து 80 கிலோமீட்டர்தான். அப்போது சாலை என்று ஒன்று கிடையாது. சக்கரத் தடங்கள் உண்டு, அவற்றில் எது நம்முடையது என்பது ஓட்டுநரின் ஊகம். ராஜஸ்தானில் கேத்ரி செம்புப் பகுதியில் பல வருடம் கோர் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் ஓர் ஒப்பந்த நிறுவனம் என்னை அங்கே அனுப்பியது. கோர் என்றால் துளைப்பொறி பூமிக்குள்ளிருந்து உருவி எடுக்கும் உருளைக் கல். அதைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, மீட்டர் மீட்டராகப் பார்த்து, என்ன பாறை, என்ன கனிமம், எவ்வளவு விரிசல் என்று எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு.

கேத்ரியில் எங்களுக்கு வழிகாட்டி முன்னோர்கள். அவர்கள் தோண்டி விட்டுப்போன குழியும் உருக்கிக் கொட்டிய கசடும் எங்கே இருக்கிறதோ அங்கே கீழே தாது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கோபியிலும் அதே கதைதான். வெண்கலக் காலத்து மனிதர்கள் தோண்டிய சிறு வட்டக் குழிகளும் கொஞ்சம் உருக்கிய கசடும் அங்கே கிடைத்திருக்கின்றன. தோல்கோய் என்றால் குன்று. குன்று என்று பெயர்தானே தவிர, ஏறி நின்றால் ஒட்டகத்தின் முதுகைவிடச் சற்று உயரம். பாறை இடுக்குகளில் பச்சைக் கறை. செம்புத் தாது காற்றும் நீரும் பட்டு மாறினால் அப்படித்தான் பச்சை பூக்கும். ஆடு மேய்ப்பவன் கண்ணிலேயே படக்கூடிய ஒன்று புவியியலாளர் கண்ணில் படாமலா போகும்? பட்டது. ஆனாலும் அதை அடுத்து நடந்தவை நடந்து முடிய ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது.

முகாமில் ஒரு பெரியவர் இருந்தார். சோவியத் நாட்டில் படித்தவர். ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராக வந்திருந்தார். இளைஞர்கள் எல்லோரும் அவரை ‘பக்ஷ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூரில் வாத்தியாரைப் பெயர் சொல்லாமல் ‘சார்’ என்பதைப்போல. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு இந்தியர்கள் என்றால் ராஜ் கபூர். எனக்கு அவர்மீது மரியாதை வரக் காரணம் வேறு: கல்லை நக்கிப் பார்த்துக் களிமண்ணின் வகையைச் சொல்லுவார்.

அவர் வாயிலாகத்தான் பழைய கதை எனக்குத் தெரிய வந்தது. 1980களில் மங்கோலிய-ரஷ்யக் கூட்டுக் குழுக்கள் அந்தப் பகுதி முழுக்க மண் மாதிரி எடுத்துச் சோதித்திருக்கின்றன. இப்போது மத்திய ஓயு என்று சொல்லப்படும் இடத்தில் மாலிப்டினம் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதாகத் தாளில் பதிவாகியிருக்கிறது. தோந்தோக் கராம்ஜாவ் என்ற மங்கோலியப் புவியியலாளர் 1983லேயே அந்த இடத்தைப் பார்த்து மனத்தில் குறித்து வைத்திருந்தார். ஏன் அப்போதே துளை போடவில்லை என்று கேட்டேன். பக்ஷ் சொன்ன காரணம் எளிமையானது. வடக்கே எர்தெனெத்தில் 1978இலேயே சோவியத் கூட்டில் பெரிய செம்புச் சுரங்கம் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கே ரயில் உண்டு. இங்கே என்ன உண்டு? தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. பக்கத்தில் இருப்பதோ அந்நாளில் மாஸ்கோவுக்கு ஆகாத சீனா.

1996இல் அமெரிக்கக் கம்பெனியான மேக்மா காப்பரின் ஆட்கள் நாடு முழுதும் செம்பு தேடி அலைந்தபோது அவர்களை இங்கே கூட்டி வந்தவர் இந்தக் கராம்ஜாவ்தான். அந்த வருடத்திலேயே மேக்மா கம்பெனி ஆஸ்திரேலியாவின் பிஎச்பி கைக்குப் போயிருந்தது. எனவே துளை போட்டது பிஎச்பி. 1997, 98 இரண்டு பருவங்களில் 23 துளைகள். சராசரி ஆழம் இருநூறு மீட்டரைக்கூட எட்டவில்லை. செம்பு கிடைத்தது, ஆனால் பிஎச்பி அளவிலான கம்பெனிக்கு அது போதாது. அந்த நேரம் பார்த்து உலகச் சந்தையில் செம்பின் விலை சரிந்தது. 1999 தொடக்கத்தில் ஒரு பவுண்டு எழுபது அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே. தங்கமும் அந்த வருடம் இருபது வருடத்தில் காணாத அடிமட்டத்தில். தேடல் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தால் முதலில் போவது இப்படிப்பட்ட தூரத்து இடங்கள்தான்.

2000 மே மாதம் இவான்ஹோ மைன்ஸ் என்ற கனடியக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தது. அதன் தலைவர் ராபர்ட் ஃபிரீட்லாண்ட். அவர்களுக்கும் முதலில் பெரிய கனவு எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. பர்மாவில் மொன்யுவாவில் அவர்கள் ஒரு செம்புச் சுரங்கம் நடத்தி வந்தார்கள். மேலாக இருக்கும் சால்கோசைட் தாதுவை வெட்டி, குவித்து, அமிலம் ஊற்றிக் கரைத்து, கரைசலிலிருந்து மின்சாரத்தால் செம்பைப் பிரிக்கிற மலிவு முறை. அதையே இங்கும் செய்யலாம் என்பது கணக்கு. மழைநீர் மேல்பாறையில் உள்ள செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய் நீர்மட்டத்தை ஒட்டிப் படிய வைக்கும்; அந்தப் படலம் போர்வை விரித்தாற்போல மேலாகவே கிடக்கும். அதை அளக்க 109 துளைகள், மொத்தம் 8,828 மீட்டர். கணக்குப் போட்டால் துளைக்கு எண்பது மீட்டர் சொச்சம். கோர் எடுக்காத, கல்லைப் பொடியாக ஊதி வெளியே தள்ளுகிற வகைத் துளைகள். போர்வை இருந்தது. அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை.

2001இல் கையில் இருந்த பணத்துக்கு ஒரு சில ஆழமான கோர் துளைகள் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. அதில் ஒன்றுதான் 150. தென்மேற்கு ஓயு என்ற இடத்தில், 508 மீட்டர் நீளத்துக்குச் சராசரி 0.81 சதவீதம் செம்பு, டன்னுக்கு 1.17 கிராம் தங்கம். இந்த எண்ணைப் படிக்கத் தெரியாதவருக்கு இது ஒன்றுமில்லை. ஒரு டன் கல்லில் எட்டுக் கிலோ செம்பு, குண்டுமணி அளவுகூட இல்லாத தங்கம். ஆனால் அரைக் கிலோமீட்டருக்கு விடாமல் அப்படி இருப்பது இந்தத் தொழிலில் ஒருவர் வாழ்நாளில் பார்க்கக் கிடைக்காத சங்கதி.

பத்திரிகைகளில் இந்தக் கதையை எழுதும்போது பிஎச்பியை முட்டாளாகவும் ஃபிரீட்லாண்டைச் சூதாட்டத்தில் கெட்டிக்காரராகவும் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 23 துளைகள் இல்லாவிட்டால் 109 இல்லை. 109 இல்லாவிட்டால் 150ஐ எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. போதாக்குறைக்கு, பிஎச்பி கையை விரித்துவிட்டுப் போய்விடவும் இல்லை. இரண்டு சதவீத ராயல்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனார்கள். அதைத் திரும்ப வாங்க 2003இல் இவான்ஹோ 3.7 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. முட்டாள்களுக்கு இவ்வளவு கிடைக்காது.

உண்மையான சங்கடம் வேறு. துளையை எங்கே நிறுத்துவது என்பது. எங்கே தொடங்குவது என்பதற்குப் பத்து விதமான சோதனை உண்டு: மண், காந்தம், மின்னோட்டம். நிறுத்துவதற்கு ஒன்றும் கிடையாது. திட்டத்தில் ஓர் ஆழம் எழுதியிருப்பார்கள். அந்த ஆழம் வரும்போது பெட்டியில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து, பணியில் இருக்கும் புவியியலாளர் ‘போதும்’ என்றோ ‘இன்னும் ஐம்பது மீட்டர்’ என்றோ சொல்ல வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும் பில் உண்டு. ஆயிரம் மீட்டருக்குக் கீழே அந்த பில் வேறு மாதிரி இருக்கும்.

வடக்குப் பக்கத்துத் துளைகளில் இந்தச் சங்கடம் உச்சத்துக்குப் போனது. அங்கே உள்ள படிவுக்கு ஹியூகோ டம்மெட் என்று பெயர். பிஎச்பியில் தேடல் பிரிவை நடத்தி, கடைசியில் இவான்ஹோவுக்கு வந்து சேர்ந்த தென்னாப்பிரிக்கப் புவியியலாளர் அவர். 2002இல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அதே வருடம் வடக்கே 270ஆம் துளை புதிய படிவு ஒன்றை வெட்டியது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். மேற்பரப்பில் அதற்கு அடையாளமே கிடையாது, பச்சைக் கறையும் இல்லை, குழியும் இல்லை. மின்முனைகளைப் பல கிலோமீட்டர் இடைவெளியில் நட்டு, தரைக்குள் மின்னோட்டம் செலுத்தி, பாறை அதை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்று அளந்து பார்த்ததில் ஆழத்தில் கந்தகத் தாது இருப்பதாகத் தெரிந்தது. அவ்வளவுதான் ஆதாரம்.

நான் எழுதிய கோர்களில் பெரும்பகுதி அந்த வடக்குப் பக்கத்தவை. முதல் சில நூறு மீட்டர் தூக்கம் வரவழைக்கும். தாதுவுக்குச் சம்பந்தமே இல்லாத வண்டல் பாறையும் எரிமலைப் பாறையும், தாது படிந்த பிறகு பூமி மடிந்து தள்ளியதில் மேலே ஏறி உட்கார்ந்தவை. அதற்கடியில் வெளிறிய சாம்பல் பாறை. எரிமலை கக்கிய சாம்பல் இறுகியது, பிறகு அமில நீர் அதைத் தின்று வைத்திருக்கும். தொட்டால் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும், பைரோஃபிலைட். பார்க்கச் செத்த பாறை. திட்டத்தில் எழுதிய ஆழம் பல சமயம் இந்தப் பாறையில்தான் வந்து முடியும்.

ஒரு குளிர்கால இரவில் அப்படித்தான் ஆனது. வெளியே மைனஸ் முப்பதை ஒட்டி. கோர் பெட்டிகள் ரிக் எனப்படும் துளைப்பொறியிலிருந்து வரும் வழியிலேயே ஈரம் உறைந்து கல்லும் பலகையும் ஒட்டிக்கொள்ளும். கொட்டகைக்குள் வைத்து உருக விட்டுத்தான் பார்க்க முடியும். துளை திட்ட ஆழத்தைத் தொட்டுவிட்டது, நிறுத்தவா என்று ரேடியோவில் கேட்டார்கள். கடைசிப் பெட்டியை மேசையில் வைத்து, பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். வெளிர் பாறைதான். ஆனால் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு குவார்ட்ஸ் நரம்பு. அடுத்த வரிசையில் இன்னும் இரண்டு. என்னோடு வேலை பார்த்த இளம் மங்கோலியப் பெண் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு ‘போர்னைட்’ என்றார். நரம்பின் நடுவே மிளகு அளவில் இரண்டு மூன்று புள்ளிகள், வெண்கலப் பழுப்பு. செம்பு நிறைந்த தாது. எழுப்பக் கூடாத நேரத்தில் பக்ஷை எழுப்பினோம். அவர் வந்து கல்லைப் பார்க்கவே இல்லை, பெட்டியில் ஆழம் எழுதிச் செருகிய மரக்கட்டையைப் பார்த்தார். ‘ஓட்டச் சொல்’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் வந்த பெட்டிகளில் நரம்புகள் நெருங்கின. அதற்கடுத்த நாள் குவார்ட்ஸ்தான் பெரும்பகுதி, இடையிடையே பாறை. முதல் இரவு பழுப்பாக இருந்த போர்னைட் காற்றுப் பட்டு மயில் கழுத்து நிறத்துக்கு மாறியிருந்தது. ஊதா, நீலம், கொஞ்சம் பச்சை. ரிக்கில் வேலை செய்யும் பையன்கள்கூட வேலை முடிந்து கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கண்ணால் செம்பை மதிப்பிடுவது பழக்கத்தில் வரும். சால்கோபைரைட் என்ற பித்தளை மஞ்சள் தாதுவில் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் செம்பு. போர்னைட்டில் 63 சதவீதம். சால்கோசைட்டில் எண்பதுக்குக் கிட்டே. அதனால் பெட்டியில் தெரிகிற தாதுவின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், மஞ்சள் போய் ஊதா வந்தால் செம்பு இரட்டிப்பாகிவிடும். தென்மேற்கு ஓயுவில் மஞ்சள் ராஜ்யம். ஹியூகோவின் நடுவில் ஊதா. காந்தப் பென்சிலைத் தென்மேற்குக் கோர் அருகே கொண்டுபோனால் சடக்கென்று ஒட்டிக்கொள்ளும், அங்கே மேக்னடைட் அவ்வளவு.

தங்கத்தை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. தங்கச் சுரங்கத்தில் வேலை என்று ஊரில் சொன்னால் பளபளவென்று எதையோ கற்பனை செய்வார்கள். எத்தனையோ ஆயிரம் மீட்டர் கோர் பார்த்தும் நான் அங்கே ஒரு துணுக்குத் தங்கம் கண்ணால் கண்டதில்லை. செம்புத் தாதுவின் மணிகளுக்குள் நுண்துகளாக ஒளிந்திருக்கும். கோரை வைரப்பல் ரம்பத்தில் நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபாதியை இரண்டு மீட்டருக்கு ஒரு பை என்று கட்டி உலான்பாத்தர் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். நடுநடுவே எங்களுக்கு மட்டும் அளவு தெரிந்த மாதிரிப் பைகளையும், ஒன்றுமே இல்லாத வெறுங்கல் பைகளையும் செருகிவிடுவோம். ஆய்வகத்தையும் சோதிக்க வேண்டுமே. பல நாள் கழித்து வரும் அஸ்ஸே எனும் ஆய்வு முடிவுத் தாளில்தான் தங்கம் முதன்முதலாகத் தலைகாட்டும். தென்மேற்கில் ஆழம் போகப் போகச் செம்பு சதவீதத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு கிராம் தங்கம் வரும். ஹியூகோவில் செம்பே மகாராஜா. வெள்ளி என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் எப்போதும் இருக்கும். டன்னுக்கு ஒன்று, இரண்டு, மூன்று கிராம். யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் வாங்குகிற உருக்காலை அதற்கும் காசு கொடுக்கும், வருடக் கடைசியில் அது சின்னத் தொகையாகவும் இருக்காது.

இதெல்லாம் எப்படி அங்கே வந்தது? சுமார் 37 கோடி வருடங்களுக்கு முன், டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில், அந்த இடம் ஜப்பான் மாதிரி ஓர் எரிமலைத் தீவுத் தொடர். கீழிருந்து ஏறிய கற்குழம்பு சில கிலோமீட்டர் ஆழத்தில் நின்று உறைந்தது. உறையும்போது அதிலிருந்த உப்பு நீர் தனியே பிரிந்து, சுற்றியுள்ள பாறையை நொறுக்கிக்கொண்டு மேலேறியது. செம்பு, தங்கம், வெள்ளி, மாலிப்டினம் எல்லாம் அந்தச் சூட்டு நீரில் கரைந்து வந்து, சூடு தணிந்த இடத்தில் விரிசல்களில் படிந்தன. ஆண்டீஸ் மலையில் இப்படிப் பல உண்டு, எல்லாம் வயதில் இளையவை. இவ்வளவு பழையது அழியாமல் கிடைப்பது அபூர்வம். மலை உயர உயர மழை அதை அரித்துக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இங்கே படிந்த கையோடு மேலே வேறு பாறைகள் மூடிக்கொண்டன. என்னைத் தூங்க வைத்த அந்த முதல் சில நூறு மீட்டர்தான் காப்பாற்றியது.

சுற்றிலும் மேய்ச்சல் குடும்பங்கள் இருந்தன. 1999லிருந்து அடுத்தடுத்து வந்த கொடும் பனிக்காலங்களில் மந்தைகளை இழந்தவர்கள் சிலர் முகாமிலேயே வேலைக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுக் கெர் கூடாரத்தில் உப்புப் போட்ட பால் தேநீர் கொடுப்பார்கள். இரண்டாவது கிண்ணத்தில் பழகிவிடும். மூத்தவர்கள் கவலையெல்லாம் தண்ணீர். உந்தாய் என்ற ஆற்றுப்படுகை அப்போது படிவுக்கு மேலேயே போனது. வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடந்தாலும், மணலைத் தோண்டினால் ஒட்டகத்துக்குத் தண்ணீர் சுரக்கும். சுரங்கம் வந்தால் அது என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார்கள். நான் கல் பார்க்கிறவன் என்று தப்பித்துக்கொண்டேன், அது பதில் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். பின்னால் அந்த ஆற்றைத் திருப்பித்தான் விட்டார்கள். மேய்ப்பர்கள் உலக வங்கிக் குழுமத்தின் குறைதீர்ப்பு அலுவலகம்வரை புகார் கொண்டுபோனார்கள்.

2009இல் மங்கோலிய அரசோடு முதலீட்டு ஒப்பந்தம் ஆனது. அரசுக்கு 34 சதவீதம். 2013இல் தென்மேற்கின் திறந்தவெளிக் குழியிலிருந்து வெட்டிய தாது அரைத்துச் செறிவாக்கப்பட்டு லாரியில் ஏறிச் சீனா போயிற்று. ஹியூகோவின் வடபகுதியை எடுக்கச் சுமார் 1,300 மீட்டர் இறங்க வேண்டும். அங்கே தாதுவின் அடிப்பாகத்தை மட்டும் வெடித்து அறுத்துவிட்டு, மேலே உள்ள பாறை தன் எடையிலேயே நொறுங்கி விழ விட்டு, விழுந்ததைக் கீழிருந்து அள்ளுகிற முறை. அதற்குச் சுரங்கம் போட்டு முடிக்க வருடங்களும் தகராறுகளும் ஓடி, நிலத்தடி உற்பத்தி தொடங்கியது 2023 மார்ச்சில். இப்போது நடத்துவது ரியோ டின்டோ.

வரைபடத்தில் இந்தப் படிவுகள் முருங்கைக்காயில் விதைகள் புடைத்தாற்போல வடகிழக்கு-தென்மேற்காக ஒரே கோட்டில் இருக்கின்றன. எனக்கு நினைவிருக்கும் பெரிய வாக்குவாதம், காயின் வடமுனை எங்கே என்பது. ஒவ்வொரு வரிசைத் துளைக்கும் அடுத்த வரிசை இன்னும் வடக்கே போயிற்று. ஒரு கட்டத்தில் உரிமத்தின் எல்லையில் போய் நின்றது. எல்லைக்கு அப்பால் உரிமம் என்ட்ரீ கோல்டு என்ற இன்னொரு கனடியக் கம்பெனியிடம். தாதுவுக்கு வேலி தெரியுமா? 2004இல் இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன, துளைகள் எல்லையைத் தாண்டின, தாதுவும் தாண்டித்தான் இருந்தது. பக்ஷ் அப்போது தெற்கே பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் பேச்சு எடுபடவில்லை. தெற்கு முனையில், அதே என்ட்ரீ கம்பெனியின் இன்னொரு உரிமத்தில், 2007இல் ஹெருகா என்ற படிவு கிடைத்தது. செம்பு, தங்கம், மாலிப்டினம் மூன்றும் உண்டு, ஆழம் அதிகம். அதன் கோர் எதையும் நான் பார்க்கவில்லை, அதற்குள் ஊர் திரும்பியிருந்தேன். அதை வெட்டி எடுக்க இன்னும் யாரும் தொடங்கவில்லை.